செவிலி சென்ற வழி

மேல்நிலை வகுப்பில் பயிலும் பிள்ளையைக் கண்டால், ‘மேலே என்ன படிக்கப் போகின்றாய்?’ என்று கேட்பது நம் இல்லங்களுக்கு வருவோர் போவோர் அனைவரும் தவறாது செய்யும் உபசாரம். விடை எதுவாயினும் கேட்டவர் தலையை அசைத்துவிட்டுக் காப்பிக் குவளையைக் கையில் எடுத்துக்கொள்வார். விடை வேண்டிக் கேட்கப்படும் வினா அன்று அது. ஆனால் சென்ற ஆண்டுக் கோடையில் அதே வினாவை நாம் மேடையிட்டு, ஒலிபெருக்கி வைத்து, நாற்காலிகள் பரப்பிக் கேட்டோம். தலைநகரில் 1923ஆம் ஆண்டில் வேரூன்றி இன்று ஏழு பள்ளிகளாகக் கிளைத்திருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் மாணவர் சிலரும், பிற பள்ளிகளில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும், அவர்தம் பெற்றோரும் வந்திருந்தனர். மேடையில் நால்வர். ஒருவர் பொறியாளர்; ஒருவர் பட்டயக் கணக்கர்; ஒருவர் கணினி நிறுவனமொன்றின் மேலாளர். நான்காமவராக, நடுவண் அரசின் செயலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற நாம்.

பேச்செல்லாம் முடிந்தபின், மூன்றாம் வரிசையில் இருந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “எனக்கு மனிதர்களோடு இருப்பதுதான் பிடிக்கும். அதற்கு என்ன படிக்க வேண்டும், ஐயா?” என்றாள். அரங்கில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. மேலாளர் உடனே மனிதவள மேலாண்மையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். “அது இல்லை ஐயா. முடியாமல் இருப்பவர்களோடு இருப்பது. எங்கள் பாட்டி ஏழு மாதம் படுக்கையில் இருந்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். எல்லோரும் கஷ்டம் கஷ்டம் என்றார்கள். எனக்குக் கஷ்டமாக இல்லை” என்றாள். ‘அப்படியானால் நீ மருத்துவர் ஆகிவிடலாமே!’ என்று யாரோ குரல் கொடுக்க, கைதட்டல் எழுந்தது. அவள் அமர்ந்துவிட்டாள்.

அவள் கேட்டது மருத்துவம் அன்று, செவிலியம் என்பது நமக்குப் புரிந்தது. புரிந்தும் வாய் திறந்தோமில்லை. ஏனெனில் அவள் நம் நாற்பதாண்டு நண்பரின் பேத்தி. அவர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். நண்பரின் பேத்தியைப் பார்த்து, ஊரார் முன்னிலையில், ‘நீ செவிலியாகலாம் அம்மா’ என்று சொல்வது அவரைத் தாழ்த்துவதாகப் படுமோ என்று அஞ்சினோம்.

இந்த அச்சத்தின் வேர் எது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது.

அந்த நிகழ்ச்சிக்கு ஓராண்டுக்கு முன் நம் அன்னையார் இந்நகரத்து மருத்துவமனையொன்றில் பதினொரு இரவுகள் கிடந்தார். தொண்ணூற்றிரண்டு வயது. இந்தியும் ஆங்கிலமும் அறியாதவர். இரவுப் பணியில் இருந்தவள் கேரளத்திலிருந்து வந்த இளம்பெண். அன்னையாரை ‘அம்மச்சி’ என்று அழைத்தாள். ‘வலிக்குதா?’ என்னும் ஒரு தமிழ்ச் சொல்லை எங்கோ கற்றுக்கொண்டு வந்து, ஊசி போடுமுன் அதைக் கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பைத்தான் நாம் மறக்கவில்லை. வீடு திரும்பும் நாளில் இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, ‘நீ தெய்வம் அம்மா’ என்றோம். பிறர் வீட்டுப் பெண்ணைத் தெய்வம் என்று சொன்ன அதே நா, நண்பர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பணியின் பெயரைச் சொல்லக் கூசியது. ஒரு பணி போற்றுதற்குரியதாயின் அது நம் பிள்ளைக்கு மட்டும் எங்ஙனம் ஏலாததாகும்? ஏலாததாயின் பிறர் பிள்ளை அதைச் செய்ய நாம் பயன்கொள்வது எங்ஙனம் அறமாகும்? இரண்டினுள் ஒன்றில் நாம் பொய் பேசியிருக்கின்றோம்.

செவிலி என்னும் சொல்லையே எண்ணிப் பார்க்கலாம். இது புதிதாகப் புனைந்த கலைச்சொல் அன்று. அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி தலைவனுடன் உடன்போக்குச் சென்றபின் நற்றாய் மனையிலிருந்து புலம்புவாள். பாலை நிலத்து வழியே, எதிர்ப்படுவோரையெல்லாம் வினவியவாறு தேடிச் செல்பவள் செவிலி. பெறாதவள்தான் சுரத்தில் நடக்கின்றாள். நோயாளரைப் பேணும் பணிக்குப் பெயர் தேடிய நம் முன்னோர், தாதி என்றும் பணிப்பெண் என்றும் வழங்கியதை விடுத்து, இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது நல்லதொரு தேர்வு என்றே சொல்வோம். சொல்லைத் தந்த நாம் ஆளைத் தரத்தான் தயங்குகின்றோம். வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பணி செய்பவனையும் ஒரு கூறாக வைத்தார். நாற்காலியின் மூன்று கால்களைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு உண்டு. நான்காம் காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

இனி, நம் தயக்கத்துக்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களைப் பார்ப்போம். முதலாவது ஊதியம். இது வெறும் சாக்கு அன்று, மெய்யான காரணம். தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் நிலை குறித்த வழக்கொன்றில் 2016ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இட்ட ஆணையின்பேரில் நடுவண் அரசு குழு ஒன்றை அமைத்தது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையிலும் திங்கள் ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட இடங்களில் அரசுச் செவிலியர்க்கு ஒப்பாகத் தரவேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை பல இடங்களில் பரிந்துரையாகவே நின்றுவிட்டது. அங்கன்வாடிப் பணியாளரின் கதை இன்னும் நீண்டது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டம் அது. குழந்தைக்கு உணவும், கர்ப்பிணிக்கு அறிவுரையும், ஆறு வயதுக்கு உட்பட்டோர்க்கு முதற்கல்வியும் தரும் இப்பெண்களுக்கு அரசு தருவதன் பெயர் ஊதியம் அன்று, மதிப்பூதியம். இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022ஆம் ஆண்டு ஏப்ரலில். பணிக்கொடைச் சட்டம் இயற்றப்பட்டதோ 1972இல். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் ஆஷா பணியாளரும் ஏட்டில் தன்னார்வலர்களே. 2022ஆம் ஆண்டு மே மாதம் உலக நலவாழ்வு நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. நாடே பெருமை கொண்டது. விருது வந்த பிறகும் அவர்கள் தன்னார்வலர்களாகவே இருந்தனர்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ‘தொண்டு’, ‘புனிதப் பணி’, ‘தியாகம்’ என்று நாம் சூட்டும் சொற்கள் இப்பணிகளின் ஊதியத்தில் ஒரு பகுதியாகிவிட்டன. பணமாகத் தரவேண்டியதைப் புகழாகத் தந்து கணக்கைச் சரிக்கட்டுகின்றோம். கணக்கரையோ பொறியாளரையோ நாம் ஒருநாளும் தெய்வம் என்றதில்லை. அவர்களுக்குப் பணம் தருகின்றோம்.

இரண்டாவது காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. செவிலியின் பணி உடம்பைத் தொடும் பணி. மலம், சிறுநீர், சீழ், குருதி, பிணம் ஆகியவற்றோடு பழகும் பணி. தீட்டு என்னும் எண்ணத்தை நூறு தலைமுறைகளாகச் சுமந்து வந்த நாட்டில் இத்தகைய பணி யாருக்கு விடப்பட்டது என்பது எல்லாரும் அறிந்ததே. தென்னாட்டில் நவீனச் செவிலியம் தொடங்கிய காலத்தில் அதைக் கற்க முன்வந்தோர் பெரும்பாலும் கிறித்தவப் பெண்களே. மற்ற வீடுகள் கதவை அடைத்துக்கொண்டன. அக்கதவு இன்று திறந்துவிட்டதாக நாம் எண்ணுகின்றோம். நம் வீட்டுப் பெண் எழுந்து கேட்டபோதுதான் தாழ்ப்பாள் உட்புறத்தில் இன்னும் இருப்பது கைக்குத் தட்டுப்பட்டது.

வேலூரின் வரலாறு பலரும் அறிந்தது. மருத்துவக் குடும்பத்தில் பிறந்தும் இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லாதிருந்த அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர். ஓரிரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பேறுகாலத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டனர். ஆண் மருத்துவரான தந்தையை அனுப்ப அவர்கள் இசையவில்லை. ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். மூன்று பெண்களும் மாண்டனர். அதன்பின் அவர் சென்று மருத்துவம் பயின்று மீண்டார். 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வேலூரில் எழுந்தன. இன்று நாம் மாணவரிடம், ‘உன் நாட்டம் எது? உன் திறமை எது?’ என்று கேட்டுத் தேர்வுத்தாள்கூட வைக்கின்றோம். ஐடா அந்த இரவில் தம் நாட்டம் எது என்று கேட்டுக்கொண்டிருக்கமாட்டார். நம் சங்கத்து மாணவியும் நாட்டத்தைத் தேடிச் செல்லவில்லை. பாட்டி படுத்தார், அவள் அருகே அமர்ந்தாள், தன்னால் முடிகின்றது என்று கண்டாள். தொழில் தேர்வுக்கு இதைவிட நேர்மையான சோதனை ஏது என்று தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு தவறான கருத்து உண்டு. மனிதரைப் பேணும் தொழிலுக்கு இளகிய மனம் போதும், பெரிய படிப்பு வேண்டா என்பது அது. இக்கருத்தே முன்சொன்ன குறைந்த ஊதியத்துக்கும் தாய். கிரிமியப் போரில் விளக்கேந்திச் சென்ற நங்கையாக மட்டும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலை நம் பாடநூல்கள் காட்டுகின்றன. காயத்தால் மாண்ட வீரரினும் நோயால் மாண்டவரே மிகுதி என்பதைப் புள்ளிவிவரங்களாலும் வரைபடங்களாலும் நிறுவி அரசை அசைத்தவர் அவர். 1858ஆம் ஆண்டில் பிரித்தானியப் புள்ளியியல் கழகத்தின் முதற்பெண் உறுப்பினர் ஆனவர். விளக்கு நினைவில் நின்றது, கணக்கு மறைந்தது. 1946ஆம் ஆண்டில் வேலூரிலும் இந்தத் தில்லியிலும் ஒருங்கே செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1936இல், அன்றைய பம்பாயில் தாதா அறக்கட்டளை சமூகப் பணிக்கென ஒரு மேற்கல்விப் பள்ளியை நிறுவியது. அதுவே இன்றைய தாதா சமூக அறிவியல் நிறுவனம். ஏழைக்கு உதவக் கல்லூரி எதற்கு என்று அன்று நகைத்தோர் இருந்திருப்பர். நல்ல மனத்தோடு செய்த உதவி பெறுபவனைக் கூனச் செய்த கதைகளை நாம் அறிவோம் ஆதலின், அப்பள்ளியின் தேவையைப் பற்றி நமக்கு ஐயமில்லை. ஆசிரியத் தொழிலுக்கு நம் நன்னூலார் விதித்த இலக்கணமோ அதனினும் பழையது. நல்லாசிரியனுக்கு உவமையாக நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பவற்றைச் சொன்னதோடு நில்லாமல், ஆசிரியன் ஆகத் தகாதவன் எப்படி இருப்பான் என்பதையும் குடம், பனை, பஞ்சடைத்த குடுக்கை, வளைந்த தென்னை எனக் காட்டிவிட்டார். அன்பு வேண்டும் என்று மட்டும் சொல்லி அவர் விட்டுவிடவில்லை.

மனிதரோடு பழகும் தொழில்கள் எல்லாம் மனிதர்க்கான தொழில்கள் ஆகிவிடா என்பதையும் இவ்விடத்தில் குறிக்க வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் 1983இல் வெளியிட்ட நூலொன்றில் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். முன்னவர்க்குப் புன்னகை பயிற்றப்படுகின்றது. பின்னவர்க்குக் கடுமை பயிற்றப்படுகின்றது. இருசாராரும் நாள் முழுதும் மனிதரோடுதான் இருக்கின்றனர். உணர்ச்சியே அங்கு விலைக்குப் போகும் சரக்கு. ஆகவே ‘மனிதர்களோடு இருப்பது பிடிக்கும்’ என்று சொல்லும் பிள்ளையிடம், ‘எந்த மனிதரோடு? அவர் உன்னைத் தேடி வருகின்றாரா, நீ அவரைத் துரத்துகின்றாயா?’ என்று கேட்பது பயனுடையது. நம் மாணவி அதற்கும் விடை சொல்லிவிட்டாள். நாம்தான் காதில் வாங்கவில்லை.

மாறாக, மனிதரே இல்லாததுபோல் தோன்றும் தொழிலிலும் மனிதர் உண்டு. சுருக்கெழுத்தையும் தட்டச்சையும் கைத்தொழிலாகக் கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் வந்திறங்கிய தலைமுறை நம்முடையது. தாளே நமக்குச் சோறிட்டது. ஒருமுறை ஓய்வூதியக் கோப்பு ஒன்று ஆறு திங்கள் நம் மேசையில் கிடந்தது. ஒரு நாள் அதன் சொந்தக்காரரான மூதாட்டி வரவேற்பறைக்கே வந்துவிட்டார். கோப்பு எண்ணைச் சொன்னதும் நமக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது, குறிப்புகள், வினாக்கள், எவர் எப்போது கையொப்பமிட்டார் என்பது வரை. அவர் பெயரை மட்டும் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் சொன்னோம். அன்று மாலைக்குள் அவர் வேலை முடிந்தது. முடிந்திருக்க வேண்டிய நாளுக்கும் முடிந்த நாளுக்கும் இடையே அவர் எப்படி உண்டார் என்று நாம் கேட்கவில்லை.

இவ்வளவும் சொன்னதனால் இளைஞரையெல்லாம் இப்பணிகளுக்குத் தள்ளிவிடலாம் என்பது நம் கருத்தன்று. மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருந்தது. எடுக்க எடுக்கக் குறையாதது. செவிலிக்கும் ஆசிரியைக்கும் அப்படியொரு கலம் இல்லை. அவர்களுடைய கலம் நாள்தோறும் ஒழியும். உறக்கத்தாலும், விடுமுறையாலும், போதிய ஊதியத்தாலும், துணைக்கு இன்னொரு கையாலும் நிரப்பினால்தான் நிரம்பும். இரவுப் பணி உண்டு. நோயாளியின் உறவினர் கைநீட்டும் கொடுமையும் உண்டு. இவற்றை மறைத்துத் தியாகம் பேசி ஒரு பிள்ளையை அனுப்புவது, ஊதியத்தை மறைத்துப் புகழைத் தரும் அதே வணிகம்தான். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே இதைச் சொல்வதும் தவறு. மழலையர் வகுப்பில் ஓர் ஆண் ஆசிரியரைக் கண்டால் நாம் ஏன் புருவம் உயர்த்துகின்றோம்?

இப்போதெல்லாம் வேறொரு வாதம் கேட்கின்றது. கணினியே எழுதவும் கணக்கிடவும் கற்றுவிட்டதனால், மனிதரைத் தொட்டுச் செய்யும் வேலைகளே நிலைக்கும்; ஆகவே பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள் என்கின்றனர். இருக்கலாம். ஆனால் வேறு கடை மூடிவிட்டதே என்று இந்தக் கடைக்கு வருபவர் நோயாளியின் படுக்கையருகே எப்படி நிற்பார் என்னும் கவலை நமக்கு உண்டு.

அந்த நிகழ்ச்சிக்குப்பின் நாம் தேடி அறிந்தவற்றை இங்கே சுருங்கச் சொல்லலாம். அன்றே சொல்லியிருக்க வேண்டியவை. செவிலியப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். உயிரியல் பயிலாதவர்க்கும் வழி உண்டு. சமூகப்பணிக்கும் உளவியலுக்கும் எப்பிரிவினரும் செல்லலாம். 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, பள்ளி முடித்தவுடன் சேரத்தக்க நான்காண்டு ஆசிரியப் பட்டப்படிப்பை முன்வைத்தது. பேச்சும் செவித்திறனும் குன்றியோர்க்குப் பயிற்சியளிக்கும் கல்விக்கு மைசூரில் தேசிய நிறுவனமே உண்டு. தில்லியில் 2015ஆம் ஆண்டு முதல் இந்தியச் சைகைமொழிக்கென ஒரு நடுவண் நிறுவனம் இயங்கி வருகின்றது. மொழிபெயர்ப்பாளர்க்கான பட்டயப் படிப்பும் அங்கு உண்டு. இருமொழி மும்மொழிகளுக்கிடையே வளரும் நம் தில்லிப் பிள்ளைகள் இன்னொரு மொழியைக் கைவிரல்களால் கற்க அஞ்சமாட்டார்கள் என்பது நம் நம்பிக்கை.

இந்தச் செய்திகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சென்ற திங்கள் நண்பரின் இல்லத்துக்குச் சென்றோம். அன்று மேடையில் வாய் திறவாமல் இருந்ததற்கு முதலில் வருத்தம் தெரிவித்தோம். பிறகு பேத்தி கேட்டதன் பொருளைச் சொன்னோம். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. சுவரில் அவர் மனைவியாரின் படம் மாலையோடு இருந்தது. அந்த ஏழு மாதங்களில் அவரைப் புரட்டிப் படுக்க வைத்ததும், புண் வராமல் காத்ததும் யார் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவருமிலர்.

“உம்முடைய பேத்தி ஒன்பதாம் வகுப்பில்தானே இருக்கிறாள்? அவளுக்கும் இதைச் சொல்வீரா?” என்று கேட்டார்.

“சொல்வோம்” என்றோம். ஆனால் அதற்கு முன் ஒரு மிடறு காப்பி குடிக்கும் நேரம் தாமதித்தோம். நண்பர் அதைக் கண்டுகொண்டார். கண்டுகொண்டதை நாமும் கண்டோம்.

அப்போது அந்தப் பெண் உள்ளிருந்து வந்தாள். கல்லூரியொன்றுக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பத்தை முதலில் தாளில் எழுதிப் பார்த்திருந்தாள். “தாத்தா, நீங்கள் ஆபீசில் எத்தனையோ படிவம் பார்த்திருப்பீர்கள். இதில் பிழை இருக்கிறதா என்று பாருங்களேன்” என்று நம்மிடம் நீட்டினாள். முப்பத்தாறு ஆண்டுப் பழக்கத்தில் பெயரையும் பிறந்த நாளையும் மதிப்பெண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஓரிடத்தில் அஞ்சல் எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டிருந்தது, அதைத் திருத்தினோம். காப்பாளர் கையொப்பமிட வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. தாளை நண்பரின் பக்கமாகத் திருப்பி வைத்து, நம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு விடைபெற்றுக்கொண்டோம். பேனா இன்னும் திரும்பி வரவில்லை.